தூக்கில் இருந்த கஞ்சி

ஆடி, செவ்வாய்க்கிழமை.

ஜீப் கவிழ்ந்ததிலிருந்து நினைவில்லாமல் கிடக்கும் இவருக்கு மூக்குக் குழாயில் ஊற்றும் பால் போதாது என்று நானும்தான் நர்ஸைச் சந்தேகப்பட்டேன். "குடல் இன்னும் சரியா வேலை செய்யலங்க, கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்" என்று டாக்டர் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டேன். நாத்தனார் மல்லிகா மூடவில்லை. "இத்துனூண்டு ஊத்துனா எங்கண்ணன் எப்டி அண்ணி எழுந்துப்பாரு?"

இன்று புதூர்நாட்டிலிருந்து ஒரு தூக்கு சாமைக் கஞ்சி கொண்டுவந்தாள். படுத்தவருக்குக் கூடப் பிறந்தவள் கஞ்சி கொண்டுவராவிட்டால் எங்கள் பக்கம் ஊரே பேசும். "உனக்குத்தான் அண்ணி" என்றாள். எனக்கென்றால் துணியில் வடிகட்டுவானேன்? சாயங்காலம் ஐசியூவுக்குள் போனபோது தூக்கு இருந்த பையும் அவளோடு போனது.

அவள் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் இவருக்கு வயிறு உப்பிவிட்டது. என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸ் குழாயிலிருந்து உறிஞ்சி எடுத்ததில் சாமை வாடை அடித்தது. வாசலுக்கு வந்து, "வேற எதனா ஊத்துனீங்களாங்க?" என்று எங்கள் இருவரையும் கேட்டாள்.

"நாங்க இன்னாத்த ஊத்தப் போறோம்" என்று மல்லிகா முந்திக்கொண்டாள்.

சொன்னால் இவளைத் துரத்திவிடுவார்கள். சொல்லாவிட்டால்...

தூக்கைத் திறந்து பார்த்தேன். காலி. நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

இப்போது வராந்தாவில் என் பக்கத்தில் தூங்குகிறாள், அல்லது தூங்குகிற மாதிரி கிடக்கிறாள். காலையில் உள்ளே போவதற்கான பாஸை அவள் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். பேனாவை மூடிவிட்டு அதை அவிழ்க்க வேண்டும்.