சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே

ஆகஸ்ட் 4

மழை இன்று நேராகத் தையல் மெஷின் மேலேயே இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்காகத் தைத்து அடுக்கியிருந்த வெள்ளைக் கோட்டுகளில் மேலே இருந்ததிலெல்லாம் துருக்கறை. சோப்பு, எலுமிச்சை, உப்பு எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, போகவில்லை. ஆத்திரத்தில் வாளியை எட்டி உதைத்தேன். வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கட்டைவிரல்தான் வீங்கியிருக்கிறது.

இவர் ஒரு பேசினைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்துவிட்டு, பெரிய காரியம் செய்து முடித்தவர்போல் நின்றார். "அதான் பேசின் வெச்சுட்டேன்ல, விடு." நான் எங்கே உட்கார்ந்து தைப்பது? பேசினுக்குள்ளேயா?

ஆகஸ்ட் 6

கூரை மேஸ்திரி வந்தார். இந்த ஆளுக்கு வாயைத் திறந்தால் பொய்தான். ஏணியைச் சாத்துவதற்குள், ஒரு மந்திரி வீட்டுக்குக் கூரை போட்டதாகவும், அதற்கு மெடல் வாங்கியதாகவும், அந்த மெடலை மாமியார் எடுத்து ஒளித்துவைத்துவிட்டதாகவும் சொல்லிவிட்டார். ஆனால் மேலே ஏறிப் பார்த்துவிட்டுச் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

"ரெண்டு வழி இருக்கும்மா. ஓட்டை விழுந்த தகரத்தை மட்டும் மாத்தி, மிச்சத்துல தார் பூசலாம். இல்லேன்னா மொத்தத்தையும் இறக்கிட்டுப் புதுசாப் போடலாம். முதல் வழி அடுத்த மழை வரைக்கும். ரெண்டாவது உங்க ஆயுசுக்கும்."

நான் உடனே மொத்தமும் என்றேன். ஆனால் என் ஒருத்தி முடிவில்லையே இது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை. மாமனார் போனதும் அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் எழுப்பிப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அந்தச் சுவர் உத்தரம் வரைக்கும் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல், தகரம் வரைக்கும், ஒரு கை நீளத்துக்கு வெறும் காற்றுதான். தகரங்கள் சுவரைத் தாண்டி இரண்டு பக்கத்துக்கும் நீளமாகக் கிடக்கின்றன. மொத்தமாக மாற்றினால் சுவரையும் மேலே வரைக்கும் ஏற்றி, அந்த இடைவெளியை அடைத்துவிடலாம் என்றார் மேஸ்திரி.

மூத்தார், அதாவது இவருடைய அண்ணன், தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. "ஒட்டுப் போட்டா போதும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவர். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவரிடம் படித்த பெண்கள் சொல்வார்கள்: எத்தனை தடவை வண்டி நின்றாலும் திட்ட மாட்டாராம். "மெதுவா... கிளட்ச்ச மெதுவா விடுங்க" என்பாராம்.

ஆகஸ்ட் 7

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அடித்தார். மரஸ்கேலை எடுத்துச் சுவரில் ஓங்கித் தட்டினேன். நின்றது.

ஆகஸ்ட் 8

நேற்று இரண்டே வரி எழுதிவிட்டு மூடிவைத்துவிட்டேன். இன்று எழுதுகிறேன்.

அந்த ஒரு கை நீள இடைவெளி வழியாக அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் இந்தப் பக்கம் கேட்கும். அக்கா (மூத்தார் பெண்டாட்டி, என் ஓரகத்தி) கத்தவே மாட்டாள். முதலில் அவர் பேசுவது கேட்கும், அதே மெதுவான குரல். பிறகு 'தொப்' என்று ஒரு சத்தம். பிறகு பாத்திரம் உருளும். முதல் 'தொப்'புக்கே நான் ஸ்கேலை எடுத்துவிடுவேன். ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் அவருக்குக் கை இறங்கிவிடும். வெளியில் நல்ல பெயர் எடுத்தவனுக்கு அதுதான் பயம்.

இப்படியே பல வருஷமாக ஓடுகிறது. ஒரு தடவை நானே அக்காவைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே போய், "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டாள். வரும்போது வழி நெடுக அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஆகஸ்ட் 11

தார் பூசுவது என்று அண்ணனும் தம்பியும் பேசி முடித்துவிட்டார்களாம். என்னை யார் கேட்டார்கள்?

வாசலில் மூத்தாரை மறித்துக் கேட்டேன். "மாமா, பூசி மெழுகினா எத்தனை நாளைக்கு நிக்கும்? சட்டமே உளுத்துப்போச்சு. எம் பொழைப்பு அந்த மெஷின்ல இருக்கு."

சிரித்தார். "நீ ஏம்மா எதுக்கெடுத்தாலும் சத்தம் போடற? மெதுவாப் பேசு."

அந்த 'மெதுவா'வைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையில் கத்தரி இருந்தது. வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

ஆகஸ்ட் 15

மறுபடியும். தட்டினேன்.

இந்த முறை நிற்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அவரும் சுவரைத் தட்டினார். மூன்று தடவை, நிதானமாக, கேலி பண்ணுவதுபோல. பிறகு தொடர்ந்தார்.

நான் ஸ்கேல் உடையும் வரை அடித்தேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. இவர் வந்து என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். பக்கத்தில் எங்கோ ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் அடங்கியது.

ஆகஸ்ட் 17

அதிசயம். மூத்தார் தானே வந்து, மொத்தக் கூரையையும் மாற்றிவிடலாம், செலவு முழுக்கத் தன்னுடையது என்றார். ஒரே ஒரு நிபந்தனை: நடுச்சுவர் தகரத்தைத் தொட வேண்டும். எலி போகிற சந்துகூட இருக்கக் கூடாது.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, எங்கண்ணன் மனசு!" எனக்கும், ஏன் மறைக்க வேண்டும், சந்தோஷமாகத்தான் இருந்தது. மெஷினை எந்த மூலையில் போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18

அக்கா துணி காயப்போடுகிற சாக்கில் கொல்லை வேலியோரம் வந்தாள். கன்னத்தில் பவுடர் அப்பியிருந்தாள். உடுத்திக்கொள்ளக்கூட ஆசையில்லாதவளுக்குப் பவுடர் எதற்கு என்று எனக்குத் தெரியாதா?

"அந்தச் சுவரை ஏத்த விட்டுடாதேம்மா" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவளே சொன்னாள். "நீ தட்டறதாலதான் நான் இன்னும் உசுரோட இருக்கேன். அதை அடைச்சுட்டா நான் செத்தாக்கூட உனக்குக் கேக்காது."

ஏன் அக்கா இத்தனை வருஷம் போகாமல் இருந்தே என்று கேட்டேன். "எங்க போறது? சத்தம் கேக்க ஒரு ஆளு இருக்கில்ல, அது போதும்னு இருந்துட்டேன்."

ஈரத்துணியை ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டுவிட்டுப் போனாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். எலி போகிற சந்துகூட இருக்கக் கூடாதாம். எனக்கு ஏன் நேற்றே உறைக்கவில்லை? ஓட்டைக் கூரை போகிறதே என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேனே.

ஆகஸ்ட் 19

இவரிடம் சொன்னேன். தார் பூசினாலே போதும், சுவர் இப்படியே இருக்கட்டும்.

"பைத்தியமா உனக்கு? முழுசா வேணும்னு குதிச்சவளே நீதானே!"

"அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா? காது அடைச்சுப்போச்சா?"

பொத்தான் டப்பாவைத் தூக்கி எறிந்தேன். பொத்தான்கள் வீடு முழுக்கச் சிதறின. இவர் கீழே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "கேக்குது. சின்ன வயசுல எங்கப்பா எங்கம்மாவை அடிக்கிறப்பவும் கேட்டது. அப்ப அண்ணன்தான் என் காதைப் பொத்துவாரு. இப்ப நானே ரேடியோவை ஏத்தி வெச்சுக்கறேன்."

ரேடியோ! பாட்டுக்கேட்கிற ஆசை என்றல்லவா நினைத்திருந்தேன். எனக்கு இவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இரக்கமும் வந்தது. இரக்கம் வந்ததே என்று அதற்கும் கோபம் வந்தது. இரண்டு பேரும் பொத்தான் பொறுக்கினோம்.

ஆகஸ்ட் 24

அண்ணனிடம் மறுத்துச் சொல்ல இவரால் முடியவில்லை, நாளைக்குக் கூரையை இறக்குகிறார்கள். மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, எப்பாடுபட்டாவது சுவரை மட்டும் ஏற்றாமல் விட்டுவிடுங்கள் என்றேன். தலையைச் சொறிந்தார். "காசு குடுக்கறவரு அவரும்மா. நான் எப்படி?" சரி, யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். "நானா? என் வாயைப் பிடுங்க யாராலயும் முடியாது" என்றார்.

அந்த வாயைப் போய் நம்ப வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 25

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

மதியத்துக்குள் தகரம் முழுவதையும் இறக்கிவிட்டார்கள். வீட்டுக்குள் வெயில் கொட்டியது. சுவர் தலையில் செங்கல்லை அடுக்கி வைத்துவிட்டு, ஆட்கள் முன்பக்கம் சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து மூத்தார் வந்தார். மேஸ்திரி அவரிடம் வாசலிலேயே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்: "உங்க வீட்டம்மாக்களுக்குச் சுவரை ஏத்தறது பிடிக்கலை போல சார்."

அந்தப் பக்கம் கதவு தாழ்போடுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல். "யார்கிட்ட என்ன சொன்ன? மெதுவாச் சொல்லு."

புது ஸ்கேலைக் கையில் எடுத்தவள் கீழே போட்டுவிட்டேன். ஏணி அங்கேயே சாத்தியிருந்தது. ஏறினேன்.

இத்தனை வருஷம் காதால் மட்டும் கேட்டது. கையால் மட்டும்தான் அடிக்கிறார் என்று நினைத்திருந்தேன். கை மட்டும் இல்லை. அக்கா முட்டி போட்டிருந்தாள். அவள் விரல்கள் அறைக் கதவின் கீல் இடுக்கில். அவர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக. "மெதுவா... மெதுவா..." அக்கா புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் கத்தல் கேட்டதே இல்லை. கீல் இடுக்கிலிருந்து கதவு வழியாக ரத்தம் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

செங்கல்லை எடுத்தேன். போட்டேன். தலைக்குத்தான் குறிவைத்தேன். தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. அவர் சுருண்டு விழுந்து, அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைப் பார்க்கிறவர்போல. இரண்டாவதையும் போட்டேன். அது தொடையில்.

"எழுந்திரு பாப்போம்டா! எழுந்திரு!" என்று கத்தினேன். மூத்தாரை 'டா' போட்டேன். போட்டால் என்ன, இன்னும் போடுவேன்.

கீழே கதவு உடைகிற சத்தம். இவர். மேஸ்திரியின் கடப்பாரையால் தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்தார். முதலில் அறைக்கதவைத் திறந்து அக்காவின் கையை எடுத்துவிட்டார். மூத்தார் ஒரு கையை ஊன்றி எழப் பார்த்தார். இவர் கடப்பாரையை ஓங்கினார்.

"எந்திரிச்சீங்கன்னா கொன்னுடுவேன்ணே."

அந்த நிலையிலும் 'அண்ணே'! ஆனால் ஓங்கின கை இறங்கவில்லை. மூத்தார் அப்படியே கிடந்தார். "வாங்க அண்ணி" என்று அக்காவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். நான் ஏணியில் இருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 26

போலீஸ் ஸ்டேஷன். மூத்தார் ஆஸ்பத்திரியிலிருந்தே புகார் கொடுத்துவிட்டார், கொலை முயற்சி என்று. நான் ஒப்புக்கொள்ளத்தான் போனேன். ஆமாம் எறிந்தேன், இன்னும் கனமாக இருந்தால் அதையும் எறிந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"சார், கல்லு தானா விழுந்துச்சு சார். மேல வேலை நடக்குது, கீழ நிக்காதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். மாஸ்டர் கேக்கலை. தப்பு எங்க மேலதான், அடுக்கினது சரியில்ல."

ரெண்டு கல்லுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்குமா சார்?"

அப்படியே முகம் மாறாமல் நின்றார் மனுஷன். அவருடைய வேலைக்கு இது எத்தனை பெரிய கெட்டபெயர் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு அக்காவைக் கேட்டார்கள். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவையும் வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கதவிடுக்குல வெச்சு நசுக்கினாரு" என்றாள். பிறகு நிறுத்தவே இல்லை. எழுதின ஏட்டம்மா நடுவில் பேனாவை மாற்றினார்.

என்னை விட்டுவிட்டார்கள். வெளியே வந்து மேஸ்திரியைப் பார்த்தேன். திட்டவா, கும்பிடவா? "என் வாயாலதானேம்மா வந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ் பிடிக்க ஓடினார்.

ஆகஸ்ட் 31

மூத்தார் பணம் இனி வராது. முழுக்கூரை போயிற்று. திறந்த வீட்டில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

மேஸ்திரி சொன்னார்: "உங்க பக்கம் மட்டும் புதுசாப் போட்டுடலாம். தகரத்தைச் சுவர் அளவோட வெட்டிட்டு, அந்தப் பக்கம் பழசையே மாட்டிடறேன். சுவர்தான் என்ன பண்றதுன்னு நீங்க சொல்லணும். இடைவெளி விடணும்னீங்களே?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"ஏத்திடுங்க" என்றாள். "எலி போற சந்துகூட வேண்டாம்."

செப்டம்பர் 2

அக்கா நல்ல கையால் செங்கல் எடுத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

செப்டம்பர் 19

மூத்தார் ஜாமீனில் திரும்பி வந்துவிட்டார். ஒரு கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு. எங்கள் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவு. இவர் தினமும் வேலை விட்டு வந்ததும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார், கடப்பாரையைச் சுவரில் சாத்திக்கொண்டு. மேஸ்திரி அதைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. ரேடியோவுக்குப் பாட்டரி போய்விட்டது, இன்னும் வாங்கவில்லை.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. புதுத் தகரத்தில் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. நான் தைத்தேன். அக்கா மூன்று விரலை வைத்துக்கொண்டே பொத்தான் பிரித்து அடுக்கினாள். மற்ற இரண்டும் மடங்காதாம், டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் பக்கம் பழைய தகரம். ஓட்டைக்கு ஓட்டை தார். அவர் கேட்டது ஒட்டு, கிடைத்ததும் ஒட்டு. இந்த மழைக்கு அது எங்கெல்லாம் ஒழுகும் என்று எனக்குத் தெரியும்.

மழை விட்டதும் அக்கா எழுந்துபோய்ப் பூசாத சுவரில் காதை வைத்தாள். நானும் மெஷினை நிறுத்தினேன்.

"தட்டறாரா அக்கா?"

காதைச் சுவரிலிருந்து எடுத்தாள்.

"தட்டுவாரா இருக்கும்" என்றாள். "கேக்கலை."

வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பொத்தான் அடுக்கினாள்.