சுவரில் எழுதிய தேதிகள்

சேசு மரி சூசை துணை

நாமகிரிப்பேட்டை,
13-12-1961.

அன்புள்ள இன்பமேரிக்கு,

சர்வேசுரனுடைய கிருபை உன்மேலும் நம் குழந்தைமேலும் இருக்கட்டும். நான் உடம்பால் சுகம். மாமா அடித்த தந்தியும், பிறகு நீ எழுதிய கடிதமும் வந்து சேர்ந்தன. பெண் குழந்தை, தலை நிறைய முடி, அழுதால் தெருவே கேட்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பச்சை உடம்பு, குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே. தங்கவயலில் மார்கழிக் குளிர் கடுமையாக இருக்கும். அத்தை சொல்வதைக் கேட்டு நட.

லீவு கிடைக்கவில்லை, அதனால் வர முடியவில்லை என்று ஒரு கார்டு போட்டிருந்தேன் அல்லவா, அது பொய். நான் லீவே கேட்கவில்லை. எனக்காக ஞானஸ்நானத்தை நிறுத்தி வைத்திருப்பதாக மாமா எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு மறைக்க மனம் இடம் கொடுக்கவில்லை. மீதிக் கடிதத்தை நீ தனியாக இருக்கும்போது படி.

என் வேலை உனக்குத் தெரியும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஊருக்கும் சைக்கிளில் போய், காய்ச்சல் கண்டவர்கள் உண்டா என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். இருந்தால் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் எடுத்து, மலேரியா மாத்திரை கொடுத்துவிட்டு, வந்துபோன தேதியை வீட்டுச் சுவரில் எழுத வேண்டும். என் பாதையில் கடைசி ஊர் ஈச்சங்காட்டு வளவு. மலையடிவாரத்தில் மொத்தம் ஒன்பது வீடுகள். அதற்கு வியாழக்கிழமை முறை.

இங்கிருந்து நாலு மைல் கப்பி ரோடு. அப்புறம் இருபுறமும் கள்ளி வேலி போட்ட இட்டேரி, ஒரு வண்டி மட்டும் போகலாம். அது முடிந்ததும் காடு. உசிலை மரங்களுக்கு நடுவே சரளைக்கல் தடம் மூன்று மைல். இரண்டு ஓடைகளைச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும். ஆரம்பத்தில் அந்தத் தடம் எனக்கு உயிர். இறக்கத்தில் பெடலை நிறுத்திவிட்டால் டயருக்கடியில் சரளை நொறுநொறுவென்று பேசிக்கொண்டே வரும். மயில் குறுக்கே ஓடும். நம் கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைத்தான் பெருமையாகச் சொன்னேன். நீயும் உங்கள் தெருவில் சொல்லியிருப்பாய். அதை நினைத்தால் எனக்கு முகம் காந்துகிறது.

செப்டம்பரில் மழை பிடித்தது. ஒரு வியாழக்கிழமை அந்த இறக்கத்தில் சரளை வாரிவிட, விழுந்தேன். முழங்கால் கிழிந்தது, முன் ரிம் கோட்டமாகிவிட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்தேன். இது உனக்கு எழுதியதுதான். எழுதாதது இனிமேல் வருவது. காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் அந்தத் தடத்தை நினைத்தாலே சோர்வாக இருந்தது. செப்டம்பர் 28-ஆம் தேதி எப்படியோ போய்ச் சேர்ந்தேன். போனவன், அன்றைய தேதிக்குக் கீழே அக்டோபர் 12, அக்டோபர் 26, நவம்பர் 9 என்று மூன்று தேதிகளை ஒன்பது வீட்டுச் சுவர்களிலும் சேர்த்தே எழுதிவிட்டேன். மேலதிகாரி எப்போதாவது வந்து பார்த்தால் நான் தவறாமல் வந்ததாகத் தெரியும் என்ற எண்ணம்தான்.

அங்கே பச்சமுத்து என்று ஒருவர். மரம் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். மரத்துண்டுகளில் போடும் நம்பரைப் பார்த்துப் பார்த்து எண் படிக்கத் தெரிந்துகொண்டவர். அவர் சுவரைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீங்க வரப்போற தேதிங்களா சாமி" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்த மூன்று வியாழக்கிழமையும் நான் போகவில்லை. கப்பி ரோடு முடிகிற இடம் வரைக்கும் போய், புளியமரத்தடியில் படுத்திருந்துவிட்டு, சக்கரத்தில் சேற்றை அள்ளி அப்பிக்கொண்டு திரும்புவேன். நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, பாவம், காட்டில் என்ன பாடுபட்டு வருகிறான் என்பார். என் விரலையே குத்தி நாலைந்து சில்லுகளில் ரத்தம் எடுத்து, அந்த வளவுக்காரர்களின் பெயர்களை எழுதி அனுப்பினேன். என் ரத்தத்தில் கிருமி இல்லை. அதனால் அந்த வளவிலேயே காய்ச்சல் இல்லை என்று பதிவாகிவிட்டது.

நவம்பர் 23-ஆம் தேதி, மறுபடி தேதிகளை எழுதிவைக்கத்தான் போனேன். பச்சமுத்து வீட்டு வாசல் காலியாகக் கிடந்தது. அவர் சம்சாரம் பொன்னாயி இறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. உனக்குப் போலவே அவளுக்கும் மாதம் ஏறியிருந்தது. குழந்தையும் போய்விட்டது.

அக்டோபர் இருபது வாக்கில் அவளுக்குக் குளிர் காய்ச்சல் கண்டிருக்கிறது. ஒருநாள் அடிக்கும், மறுநாள் விட்டுவிடும். பச்சமுத்து தூளி கட்டி நாமகிரிப்பேட்டை டாக்டரிடம் தூக்கிப்போகத் தயாராக இருந்தாராம். அவள்தான், "மாத்தரைக்காரரு இருவத்தாறாந் தேதி வந்துருவாருங்க, செவுத்துலயே எழுதியிருக்குது, இந்த மழையில என்னயத் தூக்கிட்டு எதுக்கு அலையறீங்க" என்று தடுத்திருக்கிறாள். இருபத்தாறு போனது. அடுத்தது ஒன்பதாம் தேதி என்று காத்திருந்தார்கள். இடையில் ஒருநாள் முடியாமல் போய்த் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது ஓடையில் வெள்ளம், திரும்பிவிட்டார்கள். ஏழாம் தேதி எல்லாம் முடிந்துவிட்டது.

இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பச்சமுத்து என்ன சொன்னார் தெரியுமா? "இருவத்தாறாந் தேதி நீங்க வல்லீங்களா, ஓடையில தண்ணி வந்துதே, எங்காச்சும் உளுந்து கெடக்கறீங்களோன்னு பயந்துட்டனுங்க. பொழுதன்னிக்கும் ஓடைக்கரையிலயே நின்னு பாத்தனுங்க" என்றார். சம்சாரம் காய்ச்சலில் கிடக்க, அவர் என்னைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் அப்போது புளியமரத்தடியில் படுத்திருந்தேன்.

அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை இன்பமேரி. அவர் கொடுத்த கம்மங்கூழைக் குடித்தேன். வளவில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தேன். திரும்பும்போது முழங்காலுக்கு வலிக்குமே என்று என் சைக்கிளை அவரே தோளில் தூக்கி ஓடையைக் கடத்திவிட்டார். நான் நன்றி என்று சொல்லிவிட்டு ஏறி வந்துவிட்டேன்.

எட்டு நாளில் மாமாவின் தந்தி வந்தது. பக்கத்து வீட்டார் கற்கண்டு கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தேன், எனக்கு வாயில் வைக்க முடியவில்லை. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன். உள்ளே போய்ச் சொன்னால் மன்னிப்புக் கிடைத்துவிடும். பச்சமுத்துவிடம் சொல்லாமல் அதை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

போன வியாழக்கிழமை போய், ஒன்பது வீட்டாரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டேன். ஒருவரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. பச்சமுத்து, "அப்ப அன்னைக்கி நான் ஓடைக்குப் போவாம அவளத் தூக்கிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாளுங்களா" என்று கேட்டார். பிழைத்திருப்பார் என்றேன். இன்னொரு பொய்யை என்னால் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. அவர், "நீங்க போங்க சாமி" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். பொன்னாயியின் தாயார் அத்தாயி, சாணத்தைக் கரைத்துக்கொண்டு வந்து சுவரிலிருந்த தேதிகளின்மேல் பூசினார். "இனி எங்க செவுத்துல எதும் எழுதாதீங்க" என்றார்.

மறுநாளே மேலதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். வேலை போய்விடும், அதில் சந்தேகமில்லை. நவம்பரில் எடுத்த ரத்தத்தில் நாலு பேருக்குக் கிருமி இருப்பது தெரிந்திருக்கிறது. அத்தாயி அவர்களில் ஒருவர். தொடர்ந்து ஐந்து நாள் மாத்திரை கொடுக்க வேண்டும். வேறு ஆள் இல்லாததால் அதுவரைக்கும் நீயே போ என்றார் அதிகாரி. நேற்றிலிருந்து தினமும் போய் வருகிறேன். மற்ற மூவரும் கை நீட்டி வாங்கிக்கொள்கிறார்கள். அத்தாயி மட்டும் என் கையால் வாங்குவதில்லை. ஒரு கல்லின்மேல் மாத்திரையை வைத்துவிட்டு நான் தள்ளிப் போனால் எடுத்து விழுங்குகிறார். விழுங்குகிறாரே, அது போதும். பச்சமுத்து நான் வருகிற நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை.

அதனால்தான் வரவில்லை. சனிக்கிழமையோடு மாத்திரை முடிகிறது. எனக்காகக் காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள். பெயர் உன் இஷ்டம். மாமாவிடம் இதையெல்லாம் சொல்வதா வேண்டாமா என்பதும் உன் இஷ்டம். மருமகன் ஒழுங்கானவன் என்று நம்பிப் பெண் கொடுத்தவர்.

அதற்குப் பிறகு நான் அங்கே வரலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். வா என்றாலும் வேண்டாம் என்றாலும் ஒரு கார்டு போடு. எதுவும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

என் பங்குக்குக் குழந்தையின் நெற்றியில் ஒரு சிலுவை போட்டு விடு. தேவமாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்கு உடம்பு கொஞ்சம் சுட்டாலும் யார் வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்காதே. மழையானாலும் வெயிலானாலும் அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகப் பயந்துகொண்டிருக்கும்
ராயப்பன்.