பள்ளத்தைக் காட்டிய கை

இன்று காலை ஜீப்பைக் கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை ஒட்டிய சேறு சக்கரத்துக்கு மேலே பாளம் பாளமாகக் காய்ந்து நின்றது. தண்ணீர் பட்டதும் அந்த வாசனை கிளம்பியது. ஏரிச் சேறும் டீசலும் நனைந்த கான்வாஸும் கலந்த வாசனை. காட்டுப் பாதையில் சுற்றிவிட்டு வந்து வீட்டுக்குள் நுழையும்போது உன் சட்டையில் இருக்குமே, அதேதான். "சட்டைய வாசல்லயே கழட்டிட்டு வாய்யா" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். இன்று பாதி கழுவியதும் குழாயை மூடிவிட்டேன். முழுவதும் கரைந்து போக விட மனசு வரவில்லை. வண்டிப் படியிலேயே உட்கார்ந்து, தெருவில் போகிற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு பேர் முன்னால் உன்னை 'நீங்க' என்பேன். வண்டிக்குள் ஏறிவிட்டால் 'நீ'தான். இங்கே வேறு யாரும் இல்லை. அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

அந்த ஜீப்பை நீ ஓட்டிவந்து நம் திருவொற்றியூர் வீட்டு வாசலில் நிறுத்திய அன்று நான் உன்னோடு சண்டை போட்டேன். கதவு இல்லை, ஜன்னல் இல்லை, உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். துறைமுகத்தில் வாரம் முழுக்க கிரேன் மேலே உட்கார்ந்திருக்கிற மனுஷன் ஞாயிற்றுக்கிழமையாவது தரையில் இருப்பான் என்று பார்த்தால், கும்மிடிப்பூண்டி தாண்டி ரோடே இல்லாத இடமாகத் தேடிப் போகிறான். "ரோடு இருக்கிற எடத்துல போறதுக்கு பஸ் கீதேமே" என்று சிரித்தாய். உன்னைத் தனியாக அனுப்பப் பயந்துதான் நானும் ஏறினேன். நம்ம செல்வி அப்போது சின்னப் பெண். பின்சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் கைதட்டுவாள்.

வண்ணாரப்பேட்டையில் டயர் கடை வைத்திருக்கும் உன் தோஸ்து அன்வர் பாய் அவர் குடும்பத்தோடு வருவார். இன்னும் சில வண்டிகள் சேரும். வற்றின ஏரி, செம்மண் ஓடை, முள்ளுக்காட்டு நடுவே மாட்டுவண்டித் தடம் என்று வரிசையாகப் போவோம். எங்கேயாவது ஒரு மரத்தடியில் எல்லா வீட்டுச் சாப்பாட்டையும் பிரித்து வைத்துச் சாப்பிடுவோம். யார் கொண்டுவந்ததை யார் சாப்பிட்டார்கள் என்றே தெரியாது. அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தி மட்டும்தான் திரும்பி வரும் வழி என்ன ஆகுமோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

மோசமான இடம் வந்தால் ஒருவர் இறங்கி வண்டிக்கு முன்னால் நின்று கை காட்டவேண்டும். உட்கார்ந்திருக்கிறவருக்குச் சக்கரத்தடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு வண்டிக்கும் அதில் வந்த ஒருவரே இறங்குவதுதான் நம் கூட்டத்து வழக்கம். நம் வண்டிக்கு நான். முதல் நாள் நான் இறங்கத் தயங்கினேன். நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையை வெளியே நீட்டிச் சொன்னாய்: "உன் கைய மட்டுந்தாமே பாப்பேன். வேற எவன் கத்துனாலும் காதுல போட்டுக்க மாட்டேன். கிரேன்ல அப்படித்தான். கீழ நின்னு காட்டுறவன் ஒருத்தன்தான்."

நான் காட்டினேன். எங்கே பள்ளம் தெரிகிறதோ அங்கே விரலை நீட்டுவேன். நீ அதை விட்டு விலகி வருவாய். அந்தப் பக்கம் பாறை என்றால் அந்தப் பக்கம் கை. நீ இந்தப் பக்கம் ஒடிப்பாய். ஒரு தடவைகூட நம் வண்டி மாட்டியதில்லை. கரையேறியதும் "எப்படிமே" என்று காலரைத் தூக்கிவிடுவாய். என்னமோ நீயே எல்லாம் செய்தது போல. ஆனால் எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்காது. வீட்டில் நான் சொன்ன எதைக் கேட்டிருக்கிறாய்? அங்கே என் ஒரு விரலுக்கு அவ்வளவு பெரிய வண்டி அடங்கி வரும்.

மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனவன் அப்படியே சாய்ந்துவிட்டாய் என்று துறைமுகத்திலிருந்து சொன்னார்கள். உன் அப்பா அம்மா இருக்கிற மூலக்கொத்தளம் இடுகாட்டுக்கே உன்னையும் கொண்டுபோனோம். பின்னால் நம் கூட்டத்து வண்டிகள் எல்லாம் வரிசையாக வந்தன. அதற்குப் பிறகு ஜீப் மேல் தார்ப்பாய் போட்டேன். செல்வி ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டாள். நான் ஒருத்திக்காகச் சமைக்கக் கற்றுக்கொண்டேன். பேச்சு வரவேண்டுமே என்று காய் வண்டிக்காரரிடம் தேவையில்லாமல் பேரம் பேசுவேன். அவர் உடனே ஒத்துக்கொண்டுவிட்டால் எரிச்சலாக இருக்கும்.

போன மாதம் கூட்டத்தில் ஒருவர் ஜீப்பை விலைக்குக் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. வண்டி நின்றே துருப்பிடிக்கிறது. செல்விதான் ஒரு யோசனை சொன்னாள். "நான் ஓட்டுறேன், நீ அப்பாவுக்குக் காட்டுன மாதிரி எனக்குக் காட்டு. ஒரு தடவை போய்ப் பாக்கலாம்மா. நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துவந்தா வெச்சுக்கலாம். இல்லன்னா குடுத்துடலாம்." அவள் அன்வர் பாய் மகளோடு சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டவள், உன்னைவிட நிதானம். எனக்கு அந்தக் 'குடுத்துடலாம்'தான் காதிலேயே நின்றது. வண்டி போனால் அந்த ஜனங்களும் போவார்கள், மகளோடு கழிக்கிற ஞாயிற்றுக்கிழமையும் போகும். எனக்கென்று ஒரு வேலை இருந்த ஒரே இடம் அந்தச் சக்கரத்துக்கு முன்னால்தான்.

போன ஞாயிறு போனோம். மழை பெய்து ஓய்ந்த ஏரிக்கரை. தடத்தின் ஒரு பக்கம் மண் அரித்துப் பெரிய குழி. இறங்கினேன். தயங்கவில்லை. குழியைப் பார்த்ததும் கை தானாக நீண்டது. நன்றாக அழுத்தி, உனக்குக் காட்டுவது போலவே காட்டினேன். செல்வி என் கையைப் பார்த்தாள். தலையாட்டினாள். ஸ்டியரிங்கைத் திருப்பி, நேராகக் குழிக்குள் இறக்கினாள்.

முன்சக்கரம் மூழ்கி வண்டி சாய்ந்துவிட்டது. நான் கத்திய கத்தலில் கொக்கெல்லாம் பறந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "நீதானேமா இந்தப் பக்கம் வரச் சொன்ன?" என்று சேற்றில் குதித்தாள். "பள்ளம் கீதுன்னு காட்டுனேன்டி! அங்க போய் உடுறியே!" என்றேன். எல்லாரும் வண்டியை இழுக்கக் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அன்வர் பாய்தான் பக்கத்தில் வந்தார். "அண்ணி, கை காட்டுனா, வண்டி போவேண்டிய பக்கம் காட்டுறதுதான் வயக்கம். எல்லா வண்டிக்கும் அப்படித்தான்" என்றார் மெதுவாக. எனக்கு விளங்கவில்லை. திரும்பும் வழிக் கவலையில் மற்ற வண்டிகளுக்கு எப்படிக் காட்டுகிறார்கள் என்று நான் கவனித்ததே இல்லை. அவர் தொடர்ந்தார்: "மொத நாளே பாத்தேன். சொல்லலாம்னு வந்தேன். அண்ணன் வுடல. 'அவளுக்குப் பள்ளந்தான்டா மொதல்ல கண்ணுல படும். அவ காட்டட்டும், நான் திருப்பிப் போட்டுக்குறேன். தப்புன்னு சொன்னா அப்புறம் வண்டிய வுட்டே எறங்க மாட்டா'ன்னாரு. எங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தாரு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு கூட்டமே இத்தனை வருஷமாக எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறது! வாரம் முழுக்க கிரேன் மேலே, காட்டுகிற பக்கம் திருப்பித் திருப்பிப் பழகினவன் நீ. ஞாயிற்றுக்கிழமை ஒருத்திக்காக அத்தனையையும் தலைகீழாக மாற்றிக்கொண்டாய். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. சண்டை போடும்போதுகூடச் சொல்லிக்காட்டவில்லை. ஏன்யா சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் உண்மையிலேயே இறங்கியிருக்க மாட்டேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

வண்டியைப் பின்னால் இழுத்து மேலே ஏற்றினார்கள். செல்வி சேற்றுக் கையோடு என் தோளைப் பிடித்தாள். "நீ எப்பவும் போலவே காட்டுமா. நானும் அப்பா மாதிரி திருப்பிக்கிறேன்." அவள் செய்வாள், எனக்குத் தெரியும். ஆனால் வேண்டாம் என்றேன். அது உனக்கு மட்டும் புரிந்த கை. அதை இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. மறுபடி முன்னால் போய் நின்றேன். குழியைப் பார்க்காமல் இருப்பதற்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. நல்ல தரை எது என்று தேடி, அந்தப் பக்கம் கையை நீட்டினேன். செல்வி அதைப் பிடித்துக்கொண்டு சுத்தமாக ஏறி வந்துவிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். அன்வர் பாய் வீட்டம்மா என்னைக் கட்டிக்கொண்டார். ஜீப்பைக் கொடுக்கப் போவதில்லை என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்ததும், நீ போன அன்றைக்குக்கூட இல்லாத தனிமை வந்து அழுத்தியது. வெளியே பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். செல்வி பார்த்திருப்பாள். தடத்தைப் பார்த்தே ஓட்டினாள்.

இனி வழியைத்தான் காட்டுவேன், பழகிவிடும். என் கை இப்போது எல்லாருக்கும் புரிகிறது. ஆனால் கண்ணில் இன்றைக்கும் பள்ளம்தான் முதலில் படுகிறது. இன்று வண்டியைப் பாதி கழுவியபடியே விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். மெயின் ரோட்டில் எதற்கோ தோண்டிப் போட்டு, தண்ணீர் தேங்கிக் கிடந்தது. என்னை அறியாமல் விரல் அதை நோக்கி நீண்டது. பின்னால் வந்த ஒரு பையன், "இன்னாமா, வழி கேக்குறியா?" என்றான். இல்லை என்றேன்.