காப்புக் கட்டும் எல்லைக் கல்லும்

ஆல்டர்ஹோம், இங்கிலாந்து
12.4.2026

அன்புள்ள மாமாவுக்கு,

சாப்புட்டீங்களா? போன்ல பேசுனா சண்டைதான் மிஞ்சுது. அதனால எழுதி, போட்டோ புடிச்சு அனுப்பறேன்.

எங்க ஊரு சின்ன ஊருங்க. சர்ச்சு எண்ணூறு வருசத்துப் பழசு. நான் வேலை பார்க்குற முதியோர் இல்லம் அந்தக் காலத்துல கொல்லன் பட்டறையா இருந்துச்சாம். மே பத்தாந்தேதி ஊரே குச்சியோட எல்லையைச் சுத்தி நடந்து, ஒவ்வொரு எல்லைக் கல்லையும் தட்டும். வரைபடம் இல்லாத காலத்துப் பழக்கமாம். புதுசா குடிவந்தவங்களைக் கடைசிக் கல்லு மேல உக்கார வெச்சுப் பேர் சொல்லிக் கூப்புடுவாங்க. நம்ம ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன்.

ஏழாந்தேதி டிக்கெட், ஞாபகம் இருக்குங்களா? உங்களுக்கு ஸ்வெட்டர் வாங்கி வெச்சிருக்கேன். வந்துருங்க மாமா. தனியா இருந்து இருந்து பைத்தியம் புடிக்குது.

உங்க மதுமதி

சேந்தமங்கலம்
19.4.2026

மதுமதிக்கு,

"எங்க ஊரு"ன்னு எழுதியிருக்கே. படிச்சதுல இருந்து சோறு எறங்கல. இங்க போர் போடற ரிக் வண்டி ஜெகதீஸ்வரன்னா பத்து ஊருக்குத் தெரியும். அங்க வந்தா மதுமதி புருசன், அவ்வளவுதானே? சரி, டிக்கெட் போட்டாச்சு, வாரேன். கல்லு மேல எல்லாம் என்னை ஏத்தாதே, சிரிப்பா சிரிப்பாங்க.

ஜெகதீஸ்வரன்

சேந்தமங்கலம்
5.5.2026

மதுமதிக்கு,

கோவிச்சுக்காதே சாமி. மாரியம்மனுக்கு இன்னைக்குக் காப்புக் கட்டிட்டாங்க. இனி நோம்பி முடியற வரைக்கும் ராத்திரி ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாதுன்னு உனக்கே தெரியும். சாமி காரியம், நான் என்ன பண்ணட்டும்? டிக்கெட்டை மாத்திக்கலாம்.

ஜெகதீஸ்வரன்

ஆல்டர்ஹோம்
11.5.2026

ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு,

காப்புக்கு முந்துன நாளே எல்லை தாண்டிப் படுத்துட்டா சாமி குத்தம் இல்லேன்னு எனக்குத் தெரியாதுங்களா? போன வருசம் நோம்பி சமயத்துல சத்தீஸ்கருக்கு ரிக் வண்டி எடுத்தப்ப, காப்புக்கு முந்துன நாளே நாமக்கல் போயிப் படுத்தது யாருங்க? வர மனசில்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. மாரியாத்தா தலையில பழியைப் போடாதீங்க.

நேத்து எல்லை சுத்துனோம். ஒரே மழை, சேறு. கடைசிக் கல்லுகிட்ட முதல்ல உங்க பேரைத்தான் கூப்புட்டாங்க. எல்லாரும் என்னையே பார்த்தாங்க. ஊருல நோம்பின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. வரமாட்டாருன்னேன். அப்புறம் என் பேரைக் கூப்புட்டாங்க. தனியா ஏறி உக்காந்தேன். கை தட்டுனாங்க. அழுதுட்டேன், மழையில யாருக்கும் தெரியல.

டிக்கெட்டை மாத்த வேண்டாங்க. ஸ்வெட்டரை இல்லத்துல ஒரு பெரியவருக்குக் குடுத்துட்டேன். அவருக்குச் சரியா இருந்துச்சு.

மதுமதி