இழுப்பறையில் இருக்கும் பச்சை அட்டைப் பதிவேடு

அனுப்புநர்:
பதிவேட்டுப் பொறுப்பாளர்,
பூங்கா மகளிர் அசைவுப் பயிற்சிக் குழு.
(என் பெயரும் முகவரியும் ஒட்டிய உறையில் தனியே இணைத்துள்ளேன்.)

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பூங்கா மேற்பார்வையாளர் வாங்கி வைத்துள்ள பெண்கள் பதிவேட்டை, ஞாயிறு காலை பத்து மணிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்படும் முன் மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நகராட்சிப் பூங்காவின் பின்பகுதியில், குழாயடிக்கு அப்பால் ஏழு மரங்கள் நிற்கும் இடத்தில், செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறே கால் முதல் ஏழு மணி வரை இருபத்து மூன்று பெண்கள் கூடுகிறோம். சுகாதார நிலையத்தின் இயன்முறை மருத்துவர் தொடங்கிவைத்த பயிற்சி இது. தங்கள் அலுவலகத்தின் எழுத்து அனுமதி உண்டு. நகல் இணைத்துள்ளேன்.

2. இதைப் பற்றிப் பலவிதமாகப் பேசப்படுவதால், நடப்பதை உள்ளபடி எழுதுகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நிற்போம். ஆளுக்கொரு கிளையைச் சிறிது நேரம் பார்ப்போம். பிறகு கண்ணை மூடி, அந்தக் கிளை அசைந்த மாதிரி உடம்பை அசைப்போம். பாட்டு கிடையாது. ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. சிலர் அழுவார்கள், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பேருந்து நடத்துநராக இருக்கும் ஒருவர், "பஸ்லயும் நிக்கிறேன், வீட்லயும் நிக்கிறேன், இங்க வந்தாதான்டி ஆடுறேன்" என்பார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி வலது தோள் இறுகிப்போன ஒருவர், எட்டாவது வாரம் அந்தக் கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். அவர் என் தாயார்.

3. அடுத்து, என் தவறு. அனுமதிக் கடிதம் கேட்டது வருகை எண்ணிக்கையை மட்டுமே. எங்கள் வீட்டில் கல்லூரி வரை படித்தவள் நான் ஒருத்திதான். தெருவில் எல்லோருக்கும் படிவம் நிரப்பித் தருபவளும் நான்தான். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும் என்று பழகிப்போனவள். அதனால் பச்சை அட்டை போட்ட பதிவேடு ஒன்று வாங்கி, பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், முகவரி, "வரும் காரணம்" என்று நானாகவே கோடு போட்டேன். எழுதத் தெரியாதவர்கள் என் காதருகே சொன்னார்கள். ஒரு சொல் விடாமல் எழுதினேன். என் தாயார் என்னிடம் இருபத்து மூன்று வருடமாகச் சொல்லாத ஒன்றை அங்கேதான் சொன்னார். அதையும் எழுதினேன்.

4. கடந்த செவ்வாய்க்கிழமை பூங்கா மேற்பார்வையாளர் சரிபார்ப்புக்கு என்று பதிவேட்டைக் கேட்டார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறாளே என்று நினைப்பார் என எண்ணினேன்.

5. நேற்று திரும்ப வாங்கப் போனபோது, அவர் அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். எதிரே குடியிருப்போர் சங்கச் செயலாளரும் காவலர் ஒருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தனர். என்னைக் கண்டதும் மேற்பார்வையாளர், "வாம்மா. முத்து முத்தா எழுதியிருக்கியே, சீரியல் மாதிரில்ல போகுது" என்றார். செயலாளர், "ஞாயித்துக்கிழமை மைக்ல படிச்சா ஒருத்தன் எந்திரிச்சுப் போக மாட்டான். மரத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டு என்ன கூத்துன்னு ஊருக்கும் தெரியணும்ல" என்றார். பின்பகுதியைப் பூப்பந்து ஆடுகளமாக்க வேண்டும் என்று சங்கம் மூன்று மாதமாகக் கேட்டுவருகிறது. பதிவேட்டை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, "கூட்டம் முடிஞ்சதும் வாங்கிக்க" என்று சொல்லி அனுப்பிவிட்டனர்.

நான் போனபோது அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தது என் தாயாரின் பக்கம். அவர் என் தாயார் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அங்கே பேச்சு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

6. இருபத்து மூன்று பேரில் ஒருவரை இங்கே தையல் அக்கா என்று மட்டும் குறிப்பிடுகிறேன். காலை ஷிப்டு என்று வீட்டில் சொல்லிவிட்டு வருபவர் அவர். சங்கக் கூட்டங்களுக்கு மைக் செட் கட்டுபவர் அவருடைய கணவர். ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான் கட்டுகிறார். விஷயம் தெரிந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதையும், முன்பு ஒருமுறை என்ன நடந்தது என்பதையும் அக்கா சொல்லியிருக்கிறார். அது என் கையெழுத்தில் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. தாங்கள் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாரும் வாசிக்கக் கூடாது என்றே கேட்கிறேன்.

7. இன்று காலை பின்வாயிலில் புதுப் பூட்டு தொங்கியது. எல்லோரும் தெருவில் நின்றோம். நடந்ததை அங்கேதான் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் தாயார் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தையல் அக்கா மட்டும் பக்கத்தில் வந்து, "நீ அழாதடி. ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி நானே எங்க வீட்டு ஆளுகிட்ட சொல்லிடணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு" என்றார். மாலைக்குள் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நேரே இங்கே வந்தேன்.

8. ஆகவே வேண்டுவது: பதிவேட்டை நாளை சனிக்கிழமை மாலைக்குள் தங்கள் அலுவலர் ஒருவரை அனுப்பி, பிரிக்காமல் உறையிலிட்டு, முத்திரை வைத்து எடுத்துத் தர வேண்டும். அதிலுள்ள எதையும் எந்தக் கூட்டத்திலும் வாசிக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிட வேண்டும். பூட்டு பற்றியும் மேற்பார்வையாளர் பற்றியும் விசாரணை பிறகு நடக்கட்டும். அதற்கு நான் நேரில் வந்து சாட்சி சொல்கிறேன். எனக்குப் பேச வராவிட்டாலும் வந்து சொல்கிறேன்.

மனு முறைப்படி மூன்று வேலை நாளில் பதிவாகும் என்று முகப்பு மேசையில் சொன்னார்கள். மூன்றாவது வேலை நாள் செவ்வாய்க்கிழமை. அக்காவுக்கு நான் இன்று மாலை ஐந்தரைக்குள், அவர் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன், "சொல்ல வேண்டாம்" என்றோ "சொல்லிவிடுங்கள்" என்றோ பதில் தந்தாக வேண்டும். தாங்கள் அழைக்கும் வரை படிக்கட்டுப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
(ஒப்பம்)
பதிவேட்டை எழுதியவள்

நாள்: வெள்ளிக்கிழமை, காலை 10.40
இடம்: தங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளம்