ஆசீர்வதிக்காத ரொட்டி

பிப்ரவரி 10

என் செல்ல வாயாடிக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் அத்தானும் சுகம். வயிற்றெரிச்சல் மட்டும் விட்டபாடில்லை, பழகிவிட்டது. போனில் பேசினால் நீ என்னை வாய் திறக்க விடமாட்டாய். அதனால்தான் கடிதம். உன்னை நலம் விசாரிக்கக்கூட மனமில்லை. அப்படி ஒரு செய்தி வந்திருக்கிறது.

உங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்துச் செயலாளரம்மா போனில் பேசினார். திருவிருந்து ஞாயிறன்று காலை, ஆலயத்துப் பின்கட்டுச் சமையலறையில், சூடாக இறக்கிய ரொட்டியை நீ பிய்த்துத் தின்றாயாம். உங்கள் போதகர் இன்னும் ஜெபித்து ஆசீர்வதித்துச் சபைக்குப் பங்கிடாத ரொட்டி. அதைச் சுடுகிற பெண் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வெறும் தண்ணீர்தான் குடிப்பாள் என்பது அந்தச் சபையின் முறை. அம்மா அப்படித்தான் செய்தாள். நானும் செய்தேன். கல்யாணமாகிக் கிளம்பும்போது உன்னை நம்பி ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த திருவிருந்து அன்று சபை முன்னால் எழுந்து நின்று, "தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிடு. இல்லாவிட்டால் ரொட்டி சுடும் வேலை உன் கையைவிட்டுப் போய்விடும். இந்த ஊர்ச் சபைக்கு உன் அத்தான் போதகர், என் தங்கையே இப்படி என்றால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

உனக்காக ஜெபிக்கும்,
அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை பேக்கரியில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். நலம் விசாரிக்க மனமில்லை என்கிறாய். கேட்காவிட்டால் போகிறது, நானே சொல்கிறேன். எனக்குச் சர்க்கரை நோய். போன மாதம்தான் கண்டுபிடித்தார்கள்.

டாக்டரம்மா மாத்திரையைக் கையில் கொடுத்து, "சாப்பிடாம மட்டும் இதைப் போட்டுடாதம்மா" என்று படித்துப் படித்துச் சொன்னார். அந்தத் திருவிருந்து ஞாயிறன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? மாத்திரையைத் தவறாமல் போட்டேன். சாப்பாட்டைத் தவறாமல் விட்டேன். டாக்டருக்கும் நல்ல பிள்ளை, சபைக்கும் நல்ல பிள்ளை. என்னைப் போல ஒரு புத்திசாலியை நீ பார்த்திருக்கிறாயா?

ரொட்டியை இறக்கும்போது கை நடுங்கியது. வியர்த்துக் கொட்டியது, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சமையலறையில் மாவும் உப்பும் தண்ணீரும் தவிர வேறொன்றும் இருக்காது என்று உனக்கே தெரியும். வீட்டுக்காரர் லாரியோடு எங்கேயோ இருக்கிறார், வீட்டில் இரண்டு பிள்ளைகள் தூங்குகிறார்கள். நான் அங்கேயே விழுந்து கிடந்தால் யார் வந்து பார்ப்பது? பிய்த்தேன். தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே தின்றேன். அப்போது ஆண்டவர் என்னைத் திட்டுகிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "சாப்பிடு பிள்ளை" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரிதான் இருந்தது.

நடந்ததை நானேதான் செயலாளரம்மாவிடம் சொன்னேன். ஐயையோ என்று தலையில் வைத்த கையை அவர் இன்னும் எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் பசியில் மயங்கி விழும்போது நான் கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு சும்மா நின்றால், முதல் ஆளாக நீதான் என்னைக் கிழிப்பாய். விழப்போகிற பெண் நானாக இருந்தால் மட்டும் இரக்கம் பாவமாகிவிடுமா? மன்னிப்புக் கேட்க மாட்டேன், அக்கா. இது வீம்பு இல்லை. பொய்யாக ஒரு மன்னிப்பை அவர் சந்நிதியில் வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அது என்ன வயிற்றெரிச்சல்? டாக்டரிடம் காட்டினாயா?

உன்,
வாயாடி


பிப்ரவரி 24

தங்கைக்கு,

நோயை முன்பே சொல்லித் தொலைத்திருந்தால் வேறு யாரையாவது ஏற்பாடு செய்திருக்கலாம். உனக்கு எதற்கெடுத்தாலும் ஒரு நியாயம் கைவசம் இருக்கும். இரக்கமாம். நம்மை நாமே தாங்கிக்கொள்வதற்கா ஆண்டவர் நம்மை அழைத்தார்?

நீ கேட்டாய் என்பதற்காகச் சொல்கிறேன். டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் புண் என்றார். வேளாவேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டுமாம். மற்ற நாளில் போடுகிறேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நடத்துகிறவள் நான். நானே தின்றுகொண்டு உட்கார்ந்தால் மற்ற பெண்கள் என்ன நினைப்பார்கள்? போன வெள்ளிக்கிழமை வாந்தியில் லேசாக ரத்தம் தெரிந்தது. பயப்படாதே. அத்தானிடம் சொல்லவில்லை, அவருக்கு ஆயிரம் வேலை.

எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கப்போகிறாயா, இல்லையா? மாட்டாய் என்றால் இனி எனக்கு எழுதாதே.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

திருவிருந்து ஞாயிறன்று எங்கள் போதகர் என் பக்கம் பார்த்தார். எழுந்து நின்றேன். "எனக்குச் சர்க்கரை இருக்கு. மயக்கம் வந்துச்சு, சாப்பிட்டேன். இனிமே சாப்பிட்டுட்டுத்தான் ரொட்டி சுடுவேன். உங்களுக்குச் சம்மதம்னா கூப்பிடுங்க" என்றேன். போதகர் இருமினார். பாடல் குழு அவசர அவசரமாக அடுத்த பாட்டை எடுத்தது.

இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள். நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. அந்த வேலையில் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும்.

ஆனால் இதைக் கேள். என்னை ஒதுக்கிவிட்டு, அன்றைய ரொட்டியை எங்கே வாங்கினார்கள் என்று நினைக்கிறாய்? எங்கள் பேக்கரியில். காலை ஷிஃப்டில் மாவு பிசைந்தது யார்? வயிறாரச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு, சாட்சாத் நான்தான். ஆலயத்தில் செயலாளரம்மா கண்ணை மூடி உருகி உருகி அதை வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும், "கடை ரொட்டின்னாலும் என்ன பக்குவம்" என்றார். "ரொம்ப நன்றிங்கம்மா" என்றேன். விஷயம் புரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க நீ இல்லாமல் போனாயே.

சிரித்தது போதும். ரத்தம் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் பயப்படாதே என்கிறாய். உன் சபைப் பெண் ஒருத்தி ரத்தமாக வாந்தி எடுத்தால் ஜெபத்தில் வந்து உட்கார் என்பாயா? அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாய். எல்லோருக்கும் அம்மாவாக இருக்கிறவள் உனக்கு மட்டும் ஏன் மாமியாராக இருக்கிறாய்?

ஒரு வாரம் பார்ப்பேன். அதற்குள் அத்தானிடம் நீ சொல்லவில்லை என்றால் நான் போன் போட்டுச் சொல்வேன். என்மேல் கோபப்படு, பேசாமல் இரு, என்ன வேண்டுமானாலும் செய். உயிரோடு இருந்து செய்.

உன்,
வாயாடி


மார்ச் 25

வாயாடிக்கு,

எழுதாதே என்றவளே எழுதுகிறேன். அத்தானிடம் சொல்லிவிட்டேன். சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இப்போது பயமில்லை. ரொட்டியில் நீ கை வைத்தது தப்பு என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஜெயித்துவிட்டோம் என்று குதிக்காதே.

நேற்று வெள்ளிக்கிழமை. ஜெபத்தின் நடுவில் மாத்திரை நேரம் வந்தது. யாருக்கும் தெரியாமல் குடித்துவிடலாம் என்றுதான் சமையலறையில் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினேன். பாழாய்ப்போன உன் நினைப்பு வந்தது. கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்து, அத்தனை பேர் எதிரிலும் உட்கார்ந்து குடித்தேன். வாசலில் நின்ற அத்தான், "என்னம்மா இது, வழக்கமில்லாம?" என்றார். "இனிமே இதுதாங்க வழக்கம்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை.

அப்போது தையல் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, ஏழு மாதக் கர்ப்பிணி, மெல்ல எழுந்து வந்தாள். "போதகரம்மா, எனக்கும் கொஞ்சம் கிடைக்குமா? ரொம்ப நேரமா தலை சுத்துது" என்றாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்களே சாப்பிடாம இருக்கீங்க. நான் எப்படிம்மா கேக்கிறது?"

ஆடிப்போய்விட்டேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையோடு பட்டினி கிடந்திருக்கிறாள். அதைப் பார்த்து, என் சபைப் பெண்களுக்கு எவ்வளவு பக்தி என்று நான் பூரித்துப்போயிருக்கிறேன். அவளுக்குக் கஞ்சி ஊற்றும்போது எனக்கு அழுகை நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் கிண்ணம் தேடிக்கொண்டு வந்தார்கள்.

அத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். சிலர் இனி என் ஜெபத்துக்கு வரமாட்டார்களாம். அவர்கள் இஷ்டம். முடிந்தவர்கள் உபவாசம் இருக்கட்டும், பசிக்கிறவர்களுக்கு வெள்ளிக்கிழமையும் என் அடுப்பு எரியும். காலையில் கடைக்குப் போய்ப் பெரிய பாத்திரமாக ஒன்று வாங்கி வந்துவிட்டேன்.

உன்,
அக்கா