மாமாவின் கைக்கு அளவெடுத்த கடிகாரம்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று காலை என் பேண்ட்டின் வலது பாக்கெட் காலமானது. அடியில் ஓட்டை. காரணம், மாமா, உங்கள் வாட்ச்சின் பட்டையிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்டீல் கண்ணிகள்.

மாமா, அந்த வாட்ச்சுக்குத்தான் எத்தனை பெயர் வைத்திருப்பேன். எட்டு மூலை, மூலைக்கொரு ஸ்க்ரூ. தண்ணி டேங்க் மூடி என்பேன். கப்பலில் இருந்து கழற்றி வந்த ஜன்னலா என்பேன். கப்பலில் சமையல் வேலை பார்த்தவர் நீங்கள். கேப்டன் வேலையை விட்டுப் போகும்போது தன் கையிலிருந்தே கழற்றிக் கொடுத்தது என்றீர்கள். பெங்களூர் காக்ஸ் டவுனில் நம் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. நம்பவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான். அசலா நகலா என்று தெருமுனையில் நின்றே சொல்லிவிடுவான் என்று எனக்குப் பெயர். "கேப்டன் பர்மா பஜார்ல கடை வச்சிருந்தாரா மாமா?" என்று கேட்டால், கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொல்வீர்கள்: "மணி சரியா காட்டுதில்ல? சும்னே இரு லே."

சவப்பெட்டியை மூடுமுன் நகைநட்டைக் கழற்றுவது நம் வழக்கம். உங்கள் அடக்கத்தன்று மோதிரம் வந்துவிட்டது. வாட்ச்சின் கொக்கி மட்டும் அசையவில்லை. சர்ச் உபதேசியார் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"விடுங்கய்யா, டூப்ளிகேட்தான். மாமாவோடயே போகட்டும்" என்றேன்.

நிபுணர் சொல்லியாயிற்று. மூடிவிட்டார்கள். அத்தை வாய் திறக்கவில்லை.

போன வாரம் உங்கள் அலமாரியை ஒழித்தபோது, ஒரு பிலிம் டப்பாவில் இந்தக் கண்ணிகள் கிடைத்தன. வைத்துக்கொள் என்று அத்தை கொடுத்தார். கீ செயின் ஆக்கலாமே என்று கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு வாட்ச் கடைக்குப் போனேன். கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"மிச்சம் எங்க தம்பி?"

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்: "அசல் சரக்குப்பா இது. இதுல வாட்ச்சும் பட்டையும் ஒரே உடம்பு. வேற பட்டை போட முடியாது. முழுசா கொண்டா."

முழுசாக எங்கே இருந்து கொண்டுவர? பஸ்ஸில் வீடு வரும்வரை என் குரலே எனக்குள் கேட்டது: விடுங்கய்யா, டூப்ளிகேட்தான்.

சமையலறை வாசலில் நின்று அத்தையிடம் சொன்னேன். அழுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அத்தை பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்டா."

கடையில் விழுந்தது இடி என்றால் இது என்ன, மாமா? "அப்ப அன்னைக்கு ஏன் சொல்லல அத்தை?"

"அவரு கைக்குன்னு கண்ணி எடுத்தது. வேற யாரு கட்டப் போறா?" நறுக்கியதைச் சட்டியில் வழித்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரிஜினல்னு அவரு சொன்னாரு. எனக்கு அது போதும்."

கண்ணிகளைக் கீ செயின் ஆக்கவில்லை. சும்மா வைத்திருக்கிறேன். ஒன்று சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. நகலெல்லாம் எனக்கு அத்துப்படிதான் மாமா. அசலைத்தான் பார்த்ததே கிடையாது. என் வாழ்நாளில் பார்த்த ஒரே அசல், உங்கள் கையில் இருந்ததுதான்.